‘அதையே நினைக்காதே’ என்று சொல்வது சரியா? – மனநல மருத்துவர் பதிலளிக்கிறார்

விபத்து, வன்முறை, போர், பேரிடர் ஆகியவற்றில் சிக்கியவர்களில் சிலருக்குப் பின்னாளில் வரும் ‘பி.டி.எஸ்.டி.’, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் மனநல மருத்துவர் விடையளிக்கிறார். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

என் கணவர் சுற்றுலா வேன் ஓட்டுநர். எட்டு மாதங்களுக்கு முன், அதிகாலையில், நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்புறம் வேன் மோதியதில், பக்கத்து இருக்கையில் இருந்த கிளீனர் பையன் இவர் கண்ணெதிரிலேயே இறந்துவிட்டான். இவருக்குக் கையில் எலும்பு முறிவு மட்டும்தான், அது கூடிவிட்டது. ஆனால் தூக்கத்தில் அலறி எழுகிறார். தெருவில் யாராவது பிரேக் போட்டால் இவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. குழந்தைகள் கதவைச் சாத்தினால்கூட எரிந்து விழுகிறார். வண்டிச் சாவியைத் தொடுவதில்லை. இரவில் குடிக்கவும் தொடங்கிவிட்டார். மனம் நோகக் கூடாது என்று வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ‘ஆண் பிள்ளைக்கு என்ன இவ்வளவு பயம்’ என்கிறார் மாமியார். இது நோயா, அல்லது காலம்தான் ஆற்ற வேண்டுமா?
– வாசகி, விழுப்புரம்

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல. ஆனாலும் பி.டி.எஸ்.டி.யின் நான்கு கூறுகளும் உங்கள் கடிதத்தில் தெரிகின்றன. நடந்து முடிந்த சம்பவம் அழையாமலே வந்து நிற்பது முதலாவது. அது கனவாக வரலாம், பட்டப்பகலில் கண்முன் ஓடும் காட்சியாக வரலாம், சிலருக்கு டீசல் வாடையாகவோ கண்ணாடி நொறுங்கும் ஓசையாகவோ மட்டும் வரும். அதை நினைவூட்டும் எதையும் அண்டவிடாமல் ஒதுக்குவது இரண்டாவது, உங்கள் கணவர் சாவியைத் தொடாதிருப்பதைப் போல. அடுத்த ஆபத்தை எதிர்பார்த்து உடம்பு எந்நேரமும் விறைத்திருப்பது மூன்றாவது, திடுக்கிடலும் தூக்கமின்மையும் எரிச்சலும் அதிலிருந்து வருபவை. நான்காவதை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ‘அவன் செத்தது என்னால்தான்’, ‘இனி நான் எதற்கும் லாயக்கில்லை’ போன்ற எண்ணங்கள் வேரூன்றி, பெற்ற பிள்ளைகளிடம்கூட ஒட்டுதல் இல்லாமல் போய்விடும்.

விபத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இவையெல்லாம் எவருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலோருக்குத் தாமாகவே தணிந்தும் விடும். ஒரு மாதத்தைக் கடந்தும் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைக்கும்போதுதான் அதை நோய் என்கிறோம். எட்டு மாதங்கள் ஆகிவிட்ட நிலையில், காலம் ஆற்றட்டும் என்று இனியும் விட்டுவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் மாமியாரிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். முதல் உலகப் போரின்போது குண்டு வீச்சுக்கிடையே கிடந்து கை கால் நடுங்கி, பேச்சிழந்து வந்த சிப்பாய்களின் நிலையை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். அதே போரில், படையை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-இல்தான் அந்நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியது. அவர்களில் சிலரேனும் நோயாளிகளாக இருந்திருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலையைக் கண்ட பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்நோயைத் தன் பட்டியலில் இன்றைய பெயரில் சேர்த்தது. வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இந்த நோய் உயிர்வாழ்வதே ஒதுக்குதலால்தான். சாவியைத் தொடாத ஒவ்வொரு நாளும் அவருக்கு அந்த நேரத்தில் நிம்மதி கிடைக்கிறது. ‘தொட்டிருந்தால் விபரீதம் நடந்திருக்கும்’ என்ற பாடத்தையும் அதே நிம்மதி மூளைக்குப் புகட்டிவிடுகிறது. ஆபத்தை உணர்த்தும் ‘அமிக்டலா’ என்ற மூளைப் பகுதி, அந்த அதிகாலை இன்னும் முடியவில்லை என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. முடிந்துவிட்டது என்று அது கற்றுக்கொள்ள வேண்டுமானால், நினைவைத் தொட்டும் விபரீதம் நேராத அனுபவம் அதற்குத் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

சிகிச்சை செய்வது அதைத்தான். பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவருடன் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடங்கள், மொத்தம் 8 முதல் 15 அமர்வுகள் என்பது ஒரு வழக்கமான திட்டம். முதலிரண்டு அமர்வுகளில் நோயைப் பற்றிய விளக்கமும் மூச்சுப் பயிற்சியும் இருக்கும். பிறகு உங்கள் கணவர் கண்களை மூடி, அந்த அதிகாலையை நிகழ்காலத்தில் சொல்வார்: “டீ குடித்துவிட்டு ஏறுகிறேன், பையன் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறான், எதிரே வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது…” சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பதற்றம் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எந்த அளவில் இருக்கிறது என்று உளவியலாளர் இடையிடையே கேட்பார். முதல் நாள் 95 என்று சொன்னவர், நான்கைந்து அமர்வுகளுக்குப் பின் அதே இடத்தில் 40 என்பார். அமர்வு கைப்பேசியில் பதிவு செய்யப்படும், வீட்டில் தினமும் அதைக் கேட்பது அவருக்கான வீட்டுப்பாடம். இதோடு கூடவே சாலைப் பயிற்சியும் நடக்கும். முதலில் நிறுத்தி வைத்த வேனில் என்ஜினை ஓடவிட்டு வெறுமனே உட்காருவது, அடுத்த வாரம் பகலில் தெருமுனை வரை ஓட்டுவது, பிறகு டோல்கேட் வரை, கடைசியில் அதே இடத்தை அதே அதிகாலை நேரத்தில் கடப்பது என்று படிப்படியாகப் போகும். கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் வேகத்தை முடிவு செய்வது நோயாளி. எவரும் அவரைப் பிடித்துத் தள்ளுவதில்லை.

ஆகவே இந்த வேலையை நீங்கள் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். “பேச வேண்டுமென்று தோன்றினால் நான் கேட்கிறேன்” என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். அவர் வாய் திறந்தால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள். அலறி எழும்போது உலுக்கி எழுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று பெயரைச் சொல்லியோ வழக்கமாகக் கூப்பிடும் விதத்திலோ கூப்பிட்டு, விளக்கைப் போடுங்கள். குடியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். ‘நானும் போயிருக்கலாம்’ என்ற விதமாக அவர் பேசினால், சாவைப் பற்றி யோசிக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வழிப்பறியில் கத்திக்குத்துப் பட்ட எனக்கு பி.டி.எஸ்.டி. என்று சொல்லி ‘செர்ட்ரலின்’ எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளாகியும் பலன் தெரியவில்லை. நண்பர் சொன்னபடி மருந்துக் கடையில் ‘அல்பிரசோலம்’ வாங்கிப் போட்டேன், அன்றிரவே தூக்கம் வந்தது. அதையே தொடரலாமா? இந்த மருந்துகளை ஆயுள் முழுக்க சாப்பிட வேண்டுமா?
– வாசகர், மதுரை

அன்றிரவே பலன் தரும் மருந்தைத்தான் இந்த நோயில் நாங்கள் அஞ்சுகிறோம். அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகள் பதற்றத்தை அமுக்குமே தவிர நோயைத் தொடுவதில்லை. பழக்கமாகிவிடும், அளவு கூடிக்கொண்டே போகும், நினைவோடு பழகி அதைத் தணிக்கும் பயிற்சிக்கும் அவை இடையூறு. பி.டி.எஸ்.டி.க்கு இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே முக்கியமான சிகிச்சை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்த கடைக்காரர் செய்தது சட்டப்படி குற்றம். ஆனால் பல வாரங்களாகத் தினமும் போட்டுவருகிறீர்கள் என்றால் பட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதிலும் வலிப்பு வரும் அபாயம் உண்டு. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

செர்ட்ரலின் வேறு வகை. அது வேலை செய்யத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் ஆகும். முதல் இரண்டு வாரங்களில் குமட்டல், தலைவலி, சிலருக்குச் சற்றுக் கூடுதலான படபடப்பு ஆகியவைதான் முதலில் தெரியும். பலன் தெரியவில்லை என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று கவனித்துக்கொள்ள வேண்டும். இந்நோய்க்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த இரண்டு மருந்துகளில் இது ஒன்று, மற்றொன்று பராக்செடின். வென்லாஃபாக்சினும் பயன்படுகிறது. குணம் தெரிந்த பிறகு சுமார் ஓராண்டு வரை தொடர்ந்து, பின்னர் மெல்லக் குறைத்து நிறுத்துவதே வழக்கம் என்பதால் ஆயுள் முழுக்க என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது இதன் பக்கவிளைவுகளில் ஒன்று. வெட்கப்பட்டுச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

கெட்ட கனவுகளுக்காக ‘பிராசோசின்’ என்ற ரத்த அழுத்த மருந்தைச் சிலருக்குத் தருகிறார்கள். முதலில் பெரிய நம்பிக்கை அளித்த அது, 2018-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் வெற்று மாத்திரையைவிட மேலாகச் செயல்படவில்லை. என் நோயாளிகளில் சிலருக்கு உதவியிருப்பதால் நான் அதை முற்றாகக் கைவிடவில்லை என்றாலும், முதல் தெரிவாக எழுதுவதில்லை. மருந்தா, பேச்சு சிகிச்சையா என்று கேட்டால், கிடைக்கும் இடத்தில் பேச்சு சிகிச்சைக்கே முதலிடம் தருவேன். அதன் பலன் நிறுத்திய பின்னும் நிலைக்கிறது.

சுனாமியில் என் இளைய மகளைப் பறிகொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அலை அடித்தபோது கை நழுவிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. மார்கழி பிறந்தால் உடம்பு நடுங்குகிறது. ‘எல்லாரும்தான் இழந்தார்கள், நீ மட்டும் ஏன்’ என்கிறார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகு மருத்துவம் பலிக்குமா?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பலிக்கும், அம்மா. நோய் எவ்வளவு பழையது என்பது சிகிச்சையைப் பொய்யாக்குவதில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வந்து குணமடைந்தவர்கள் உண்டு.

‘நீ மட்டும் ஏன்’ என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவதொரு பேரதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே இந்நோய் வருகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. யாருக்கு வரும் என்பது மனவலிமையைப் பொறுத்ததன்று. இழப்பு எவ்வளவு நெருக்கமானது, அந்த நேரத்தில் என்ன கண்டார், அதற்கு முன்பே வேறு அடிகள் பட்டிருந்தாரா, பின்னர் தாங்குவதற்கு ஆள் இருந்ததா என்பவையே பெரிதும் முடிவு செய்கின்றன. உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். தாங்க வேண்டியவர்களும் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த ஊர் அது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கை நழுவியது பற்றியது. இருபது ஆண்டுகளாக நீங்கள் சுமப்பது பயத்தைவிட அந்தக் குற்ற உணர்வைத்தான் என்று கருதுகிறேன். அதற்கென்றே அமைந்த சிகிச்சை ஒன்று உண்டு. சம்பவம் உங்கள் வாழ்க்கையில் எதை எப்படி மாற்றியது, ஏன் நடந்ததென்று நீங்கள் நம்புகிறீர்கள் என்பதை முதலில் எழுதச் சொல்வார்கள். எழுத வராதவர்கள் சொல்லலாம். அதன் பிறகு உளவியலாளர், ‘உங்கள் தவறில்லை’ என்று ஆறுதல் கூறமாட்டார். அதை இதுவரை எத்தனையோ பேர் சொல்லி, ஒன்றும் உள்ளே இறங்கியிருக்காது. மாறாகக் கேட்பார். தண்ணீர் உங்கள் இடுப்பளவா, கழுத்தளவா? அலை வந்தது முதல் கை நழுவியது வரை எத்தனை நொடிகள் இருக்கும்? மற்றக் கையில் யார் இருந்தார்கள்? அந்த நேரத்தில், அந்த நொடிகளில், உங்களுக்குத் தெரிந்திருந்தவை எவை? 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்றே இல்லை. ஐதராபாத்தில் இன்றுள்ள மையம் 2007-இல்தான் செயல்படத் தொடங்கியது. அறிவியல் அறிந்த எவரும் எச்சரிக்காத ஒன்றை, கரையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த தாய் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று இப்போதைய அறிவை வைத்து நீங்கள் அன்றைய உங்களுக்குத் தண்டனை விதிக்கிறீர்களா என்று கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதே நேர்ந்திருந்தால் அவளைக் குற்றவாளி என்பீர்களா என்பார். விடைகளை நீங்களே சொல்வீர்கள். அப்படிச் சொல்லும் விடைக்கு மட்டுமே அந்தக் குற்ற உணர்வு சற்று இடம்விட்டு நகரும்.

மகளுக்கான துயரம் இதனால் போய்விடாது, போகவும் வேண்டாம். நீண்ட காலம் குறையாமல் வாழ்க்கையையே முடக்கும் துயரத்தையும் இப்போது தனியொரு நோயாக ஏற்று மருத்துவம் பார்க்கிறார்கள். இரண்டும் உங்களிடம் கலந்திருக்கக்கூடும் என்பதால், பரிசோதிக்கும் மருத்துவரிடம் மகளைப் பற்றியும் பேசுங்கள்.

என் அப்பாவுக்கு 71 வயது. இலங்கைப் போரில், 1995 இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து வன்னிக்கு வந்து, பிறகு கனடா வந்தவர். வேலைக்குப் போன காலமெல்லாம் நன்றாகத்தான் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு, கெலி (ஹெலிகாப்டர்) சத்தம் கேட்டால் மேசைக்கடியில் குனிகிறார். ஜூலை 1 கனடா தின வாணவேடிக்கையின்போது நிலத்தில் படுத்துவிட்டார். கேட்டால், ‘ஒன்றுமில்லை பிள்ளை’ என்கிறார். இத்தனை வருடம் இல்லாதது இப்போது எப்படி வரும்?
– வாசகி, ஸ்காபரோ

இல்லாதிருந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு வேலை, இரவுப் பணி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடியதில் அவருக்கு நினைக்க நேரமே இருந்திருக்காது. ஓய்வு அந்தத் திரையை விலக்கிவிட்டது. வயதானவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. உடல்நோய், துணையை இழத்தல் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். மறதி நோயின் தொடக்கத்திலும் பழைய அச்சங்கள் மேலெழுவதுண்டு என்பதால், குடும்ப மருத்துவரிடம் நினைவாற்றல் பரிசோதனையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு ஒரேயொரு சம்பவம் என்பது கிடையாது. செல்லடி (எறிகணை வீச்சு), பங்கர் (பதுங்கு குழி), சோதனைச் சாவடி, மழையில் அந்த நடை, வழியில் விட்டுவந்தவர்கள் என்று அடுக்கடுக்காக இருக்கும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமலே ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள். இதற்கென ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வகுத்த முறையில், முதல் அமர்வில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். பிறந்த நாளில் தொடங்கும் வாழ்க்கை அது. நல்லது நடந்த இடங்களில் பூவும், கொடியது நடந்த இடங்களில் கல்லும் வைத்துக்கொண்டே வருவார். கல்யாணத்துக்கு ஒரு பூ, முதல் பிள்ளைக்கு ஒன்று, சில கற்கள் பெரிதாக இருக்கும். கயிற்றின் முனை சுருட்டியபடியே இருக்கும், வாழ வேண்டியது இன்னும் மீதி இருப்பதால். அடுத்து வரும் அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாக, எந்த ஊர், எந்த மாதம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று காலத்தோடும் இடத்தோடும் பிணைத்துச் சொல்லவைத்து, சிகிச்சையாளர் எழுதிக்கொள்வார். முடிவில் முழு வாழ்க்கை வரலாறும் வாசித்துக் காட்டப்பட்டு, கையில் கொடுக்கப்படும். சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ப் பிள்ளைகளிடம் இம்முறையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் பெற்ற பிள்ளைகளும் அந்த ஆய்வில் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் உறவுகளின் நம்பிக்கையையும் சேர்த்தே வடுப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தவர். எனக்கு அந்தப் பார்வையில் முழு உடன்பாடு. அப்பாவை மட்டும் நோயாளியாக ஒரு மூலையில் உட்காரவைக்காமல், அவர் வயதுடைய ஊர்க்காரர்கள் கூடும் இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். வாணவேடிக்கை நாள்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிர்பார்த்திருக்கும் ஓசை அவ்வளவாகத் தாக்குவதில்லை. சிகிச்சைக்குத் தமிழ் தெரிந்த உளவியலாளர் கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆனால் நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். மகள் காதில் விழக் கூடாது என்று அவர் நினைப்பவற்றில்தான் பெரிய கற்கள் இருக்கக்கூடும்.

விபத்து, போர்க் காணொளிகளைக் கைப்பேசியில் தொடர்ந்து பார்ப்பதால் எனக்கு இந்நோய் வந்திருக்குமா?
– மாணவர், கோயம்புத்தூர்

வரையறைப்படி, இல்லை. சம்பவம் நமக்கே நேர்ந்திருக்க வேண்டும், நேரில் கண்டிருக்க வேண்டும், அல்லது நெருங்கியவருக்கு நேர்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். படங்களில் பார்ப்பது கணக்கில் வருவது, தொழில் நிமித்தம் அவற்றை ஓயாமல் பார்க்கும் காவல்துறையினர் போன்றோருக்குத்தான். தூக்கம் கெட்டிருந்தால் அதற்கு வேறு காரணம் தேடுங்கள். இரவில் கைப்பேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பதை இன்றே தொடங்கலாம்.

சமையல் எரிவாயு கசிந்து பாட்டி தீப்பிடித்ததைப் பார்த்த என் ஆறு வயது மகன், பொம்மைகளை வைத்து அதையே திரும்பத் திரும்ப விளையாடுகிறான். படுக்கையை நனைக்கிறான். தர்காவில் ஓதி, கோயிலில் திருநீறும் போட்டுவிட்டோம். தவறா?
– பெற்றோர், தென்காசி

திருநீறு போட்டதில் தவறில்லை. பெரியவர் ஒருவர் தலையைத் தடவி ‘இனி ஒன்றும் வராது’ என்று சொல்வது குழந்தைக்கு ஆறுதல்தான். வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது, இருட்டில் உட்காரவைப்பது போன்றவை நடக்கும் இடமாக இருந்தால் மட்டும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். குழந்தைகள் வாயால் சொல்ல முடியாததை விளையாட்டில் சொல்கிறார்கள். அதைத் தடுக்காதீர்கள். விளையாட்டின் முடிவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கருகிப்போவதாக இருந்தால், தண்ணீர் கொண்டுவரும் பொம்மையாக நீங்களும் அதில் சேரலாம். படுக்கை நனைப்பதற்குத் திட்டவோ அடிக்கவோ கூடாது. பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாமல் உண்மையை எளிய சொற்களில் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்). இந்த ஆண்டில் மட்டும் இரண்டு ‘ரன் ஓவர்’ சம்பவங்கள். ஹார்ன் அடித்தும், எமர்ஜென்சி பிரேக் போட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசி நொடியில், தண்டவாளத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தது மறக்க முடியவில்லை. சம்பவம் நடந்த அன்றே எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விரிவாகப் பேசவைக்கும் கவுன்சலிங் கட்டாயமாக வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் பேசுகிறார்கள். நல்லதா?
– வாசகர், ஜோலார்பேட்டை

நோக்கம் நல்லது, முறை தவறு. அதிர்ச்சி நடந்த கையோடு அனைவரையும் கூட்டி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் பரவியிருந்தது. ஆய்ந்து பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒதுக்குதலே நோயை வளர்க்கிறது என்று மேலே எழுதியவன் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். முதல் நாளில் ஒதுங்குவது உடலின் இயல்பான ஓய்வு, மாதக்கணக்கில் ஒதுங்குவதுதான் நோய்.

உங்கள் சங்கம் கேட்க வேண்டியது வேறு. சம்பவத்துக்குப் பின் அதே வண்டியை அதே ஓட்டுநர் மேற்கொண்டு ஓட்ட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அவரை விடுவிக்க மாற்று ஆள், வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு சக ஊழியர், ஊதியம் குறையாத சில நாள் விடுப்பு, விசாரணை என்ற பெயரில் அன்றிரவே குடையாமை ஆகியவை முதலில் வேண்டியவை. பேச விரும்புபவருக்குக் கேட்க ஆள் இருக்கட்டும். விரும்பாதவரை விட்டுவிடுங்கள். நான்கு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, தூக்கம் எப்படி, காட்சி வருகிறதா, கேட்டைக் கடக்கும்போது என்ன ஆகிறது என்று விசாரிக்கும் ஏற்பாடு மட்டும் கட்டாயமாக இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டாவது சம்பவமும் நேர்ந்துவிட்டது என்பதால் நீங்கள் அந்த நான்கு வாரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் எங்கே போவது? செலவாகுமா? அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா?
– பலர்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருந்துகள் இலவசம். ஆனால் மேலே நான் விவரித்த பேச்சு சிகிச்சைகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் குறைவு. ‘பி.டி.எஸ்.டி.க்கு அதிர்ச்சி நினைவை மையமாகக் கொண்ட சிகிச்சை தருவீர்களா, எத்தனை அமர்வுகள்’ என்று வெளிப்படையாகக் கேட்டுச் சேருங்கள். அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பும் ஆலோசகரிடம் பணத்தை விரயமாக்காதீர்கள். கண்ணை இடமும் வலமும் அசைக்கவைத்துச் செய்யும் ‘ஈ.எம்.டி.ஆர்.’ என்ற சிகிச்சையும் பலன் நிறுவப்பட்டதே. பலனுக்குக் காரணம் கண்ணசைவா, நினைவைத் தொடுவதா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை, நோயாளிக்கு அது முக்கியமில்லை.

உடனடியாகப் பேச ‘டெலி மானஸ்’ 14416 என்ற கட்டணமில்லா எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அளிக்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுவதால், காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள்.